சிவப்புக் கோடு

மெக்கானிக்: …அணைஞ்சுதா இல்லையா? அதை மட்டும் சொல்லு மாப்ள.

பைலட்: பட்டனை அழுத்தினதும் அணைஞ்சுச்சு மச்சான். பத்து எண்ணறதுக்குள்ள மறுபடி எரியுது.

மெக்கானிக்: எண்ணெய்த் துகள் லைட்டுதானே? வேற எதையாவது பார்த்துட்டு…

பைலட்: பதினோரு வருஷமா ஹெலிகாப்டர் ஓட்டறேன். எனக்குத் தெரியாத லைட்டா?

மெக்கானிக்: கோவப்படாத. இப்ப எங்க இருக்க?

பைலட்: காட்டு மேல. முன்னாடி ஏரி தெரியுது. ஏரியைத் தாண்ட பன்னிரண்டு நிமிஷம் ஆகும். தாண்டிட்டா ஊர்.

மெக்கானிக்: என்ஜின் சத்தம்?

பைலட்: நல்லாத்தான் இருக்கு… இருக்குன்னு நினைக்கிறேன். பயத்துல காது சரியா கேக்கல.

மெக்கானிக்: உனக்கா பயம்? என் தங்கச்சியைக் கட்டிக்கறேன்னு தானா வந்து நின்ன ஆளு நீ.

பைலட்: இப்ப வேணாம் மச்சான்.

மெக்கானிக்: சரி… சரி. கேளு. எண்ணெய் பிரிப்பானுக்குள்ள சுத்தி சுத்தி வருது. அதுல இருக்கற காத்து தனியா போயிடும், இரும்புத் துகள் ஓரமா ஒதுங்கி காந்த பிளக்ல ஒட்டும். ஒட்டினா லைட் எரியும். பட்டனை அழுத்தினா கரண்ட் பாயும். தூசா இருந்தா கருகிப் போயிடும், லைட்டும்…

பைலட்: பாடம் எடுக்காதீங்க. இது தூசா, பேரிங் சில்லா?

மெக்கானிக்: ஒரு தடவை வந்துட்டுப் போனா தூசு.

பைலட்: காலைல பிளக்கைக் கழட்டிப் பார்த்தீங்கல்ல?

மெக்கானிக்: ஹெலிகாப்டர் புத்தகத்துல எழுதிக் கையெழுத்தே போட்டிருக்கேனே.

பைலட்: புத்தகத்தைக் கேக்கல. பிளக்கைக் கேக்கறேன்.

மெக்கானிக்: …பார்த்தேன். சுத்தமா இருந்துச்சு. துடைச்சு, மாட்டி, இறுக்கி, நட்டு மேல சிவப்புக் கோடும் போட்டேன். போதுமா?

பைலட்: கோடு புதுசா போட்டீங்களா?

மெக்கானிக்: கழட்டினா பழைய கோடு உடைஞ்சிடும், புதுசு போட்டுத்தானே ஆகணும்? இது என்ன கேள்வி, இந்த நேரத்துல?

பைலட்: ஒண்ணுமில்ல… சும்மா கேட்டேன்.

மெக்கானிக்: அங்க யாரோ பேசினாங்களே. பொம்பளக் குரல் மாதிரி.

பைலட்: ரேடியோ இரைச்சல்.

மெக்கானிக்: சரக்கு வண்டியில ஆள் ஏத்தக் கூடாதுன்னு…

பைலட்: மச்சான், முள்ளு ஆடுது.

மெக்கானிக்: எந்த முள்ளு?

பைலட்: எண்ணெய் அழுத்தம். மேலயும் கீழயும் துடிக்குது.

மெக்கானிக்: எண்ணெய்க்குள்ள காத்து நுரையா நிக்குது. பிரிப்பான் பிரிக்கல. மாப்ள, ஒளிக்காம சொல்லு. இந்த லைட் இன்னிக்குத்தான் முதல் தடவையா?

பைலட்: நேத்தும் வந்துச்சு.

மெக்கானிக்: எத்தனை தடவை?

பைலட்: மூணு. மூணு தடவையும் பட்டனை அழுத்தி அணைச்சேன்.

மெக்கானிக்: புத்தகத்துல ஒரு வரி இல்லையே. ஏன் எழுதல?

பைலட்: எழுதினா வண்டியை நிறுத்திடுவீங்க.

மெக்கானிக்: நிறுத்தத்தான் செய்வேன். நாலு பெட்டி சரக்கு ஒரு நாள் லேட்டா போனா யார் குடி முழுகிப் போகுது?

பைலட்: பெட்டி மட்டும் இல்ல மச்சான்.

மெக்கானிக்: என்ன சொல்ற?

பைலட்: ஏரிக்கு அந்தப் பக்கம் ஹாஸ்டல்ல பாப்பாவுக்கு மூணு நாளா காய்ச்சல். படகுல போனா ஒரு முழு நாள் ஆகும். அவ அம்மா அழுதா… என்னால முடியல. பெட்டிக்குப் பக்கத்துல உக்காத்தி வெச்சிருக்கேன்.

மெக்கானிக்: யாரை? என் தங்கச்சியையா?

தங்கச்சி: அண்ணா, நான்தான். பெல்ட்டெல்லாம் போட்டிருக்கேன். நீ பதறாத.

மெக்கானிக்: ஐயோ…

பைலட்: கரை கிட்ட வந்துட்டோம். இதுக்கு மேல தண்ணி. இடப்பக்கம் கரையோரமா ஒரு மணல் திட்டு இருக்கு, சின்னது. கடைசியா கேக்கறேன். பிளக் சுத்தம்னா இது வெறும் தூசு, நான் ஏரியைத் தாண்டிடுவேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.

மெக்கானிக்: தாண்டாத. மணல்ல இறக்கு.

பைலட்: பிளக் சுத்தம்னீங்களே.

மெக்கானிக்: நான் கழட்டவே இல்லடா. காலைல மூணு வண்டி, நான் ஒருத்தன். நூறு தடவை கழட்டியிருக்கேன், ஒரு தடவைகூட ஒண்ணும் இருந்ததில்ல. அந்த நினைப்புல கையெழுத்தை மட்டும் போட்டுட்டேன். இறக்கு மாப்ள, உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.

பைலட்: திரும்பிட்டேன். இறங்கறேன். சத்தம் மாறுது…

மெக்கானிக்: எப்படி மாறுது?

பைலட்: தகரத்தைக் கல்லுல தேய்க்கற மாதிரி.

மெக்கானிக்: பேரிங் போகுது. பவரைக் குறை. மெதுவா… மெதுவா. தங்கச்சி, தலையைக் குனிஞ்சுக்கோ. முட்டியோட சேர்த்துக்கோ.

தங்கச்சி: குனிஞ்சிட்டேன்ணா.

மெக்கானிக்: பேசிக்கிட்டே இருங்க. யாராவது ஒருத்தர் பேசிக்கிட்டே இருங்க… மாப்ள? சத்தமே இல்லையே. மாப்ள… தங்கச்சி…

பைலட்: …என்ஜினை நான்தான் நிறுத்தினேன். மணல்ல நிக்கறோம்.

மெக்கானிக்: அவ?

பைலட்: கீழ இறங்கி வாந்தி எடுக்கறா. ஒரு கீறல் இல்ல.

மெக்கானிக்: என் கையெழுத்தை நம்பி ஏறினவங்களை நானே கொல்லப் பார்த்தேனே. உங்க மூஞ்சில இனிமே எப்படி முழிப்பேன்?

பைலட்: நான் நம்பி ஏறல மச்சான். கிளம்பறதுக்கு முன்னாடி வண்டியைச் சுத்திப் பார்த்தேன். நட்டு மேல போன வாரம் நீங்க போட்ட கோடு உடையாம அப்படியே இருந்துச்சு, பிளக்கைக் கழட்டலன்னு அப்பவே தெரியும். அதைப் பத்திக் கேட்டா, ஏன் கேக்கற, நேத்து லைட் எரிஞ்சுதான்னு நீங்க திருப்பிக் கேப்பீங்க. அதனால வாயை மூடிக்கிட்டுப் போய், அவளுக்கு பெல்ட்டை மாட்டிவிட்டேன்.