பொடிசு நீந்திய நாள்

காரில் ஏறுவதற்கு முன் நான் கடைசியாகச் செய்த வேலை, கேக் டப்பாவைச் சுற்றி ஓர் ஈரத் துண்டைக் கட்டியதுதான். ஏரிக்குப் போய்ச் சேரும்வரை கிரீம் உருகாமல் இருக்க வேண்டும். இந்த மாதிரி விஷயங்களை எங்கள் வீட்டில் நான்தான் யோசிப்பேன். மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு தீப்பெட்டியை மறந்துவிட்டுப் போகிற குடும்பம் எங்களுடையது.

நேற்று நீங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். "அன்னைக்கு அவ மாத்திரை போட்டுக்கிட்டாளா?" போட்டுக்கொண்டாள் என்றேன். அப்படியானால் தப்பு என்னுடையதுதான் என்று நீங்கள் சொன்னீர்கள். டீயைத் தொடாமலே எழுந்து போனீர்கள். என் தங்கைக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். அவள் போனபின் நீச்சல் குளத்துப் பக்கமே போவதில்லை, வேலையையும் விட்டுவிட்டீர்கள் என்பது நேற்றுதான் எனக்குத் தெரிந்தது. யாரோ செய்ததற்கு யாரோ வேலையை விடுவது சரியில்லை. அதனால்தான் இன்று நானே உங்களைத் தேடி வந்தேன். டீ எல்லாம் வேண்டாம். உட்காருங்கள்.

எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான் மூத்தவள், அடுத்து தம்பி, கடைசியாக அவள். பிறந்தபோது கைக்குள் அடங்குகிற அளவில் இருந்ததால் பொடிசு என்று கூப்பிட ஆரம்பித்தோம். வளர்ந்து என்னைவிட உயரமான பிறகும் பொடிசுதான். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபின் அவளை வளர்த்தது நான். பள்ளிக்கூட நாட்களில் அவளுக்கு வலிப்பு வர ஆரம்பித்தது. முதல்முறை பார்த்தபோது என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை, பிறகு பழகிவிட்டது. பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், தலைக்குக் கீழே ஏதாவது மெத்தென்று கொடுக்க வேண்டும், சுற்றி நிற்பவர்களை விலக்க வேண்டும். அவ்வளவுதான். வருவதற்கு முன் அவளுடைய இடது கட்டைவிரல் தானாக உள்ளங்கைக்குள் மடங்கும். கண் எங்கோ தூரத்துச் சுவரில் எழுதியிருப்பதைப் படிப்பதுபோல நிற்கும். இது எந்த டாக்டருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்கு வரன் பார்த்து வந்தவர்கள் உண்டு. அவர்களிடம் முதலில் தங்கையைப் பற்றித்தான் சொல்வேன். அப்புறம் வரமாட்டார்கள். அதில் எனக்கு வருத்தமா என்று யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலை அவளுடைய மாத்திரைகளைப் பிரித்து வைப்பேன். கிழமைக்கு ஒரு குழியாக இருக்கும் பிளாஸ்டிக் டப்பா, உங்களுக்கும் தெரிந்திருக்கும். காலையில் அவள் அன்றைய குழியைத் திறந்து வாயில் கவிழ்த்துக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டு ஓடிவிடுவாள். குழிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கமாட்டாள். பார்க்க வேண்டிய அவசியம் அவளுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

புதிய மாத்திரை அவளுக்கு நன்றாகவே ஒத்துக்கொண்டது. வலிப்பு வருவது குறைந்து, பிறகு நின்றேவிட்டது. நெடுநாள் வராமல் இருந்ததும் டாக்டர், இனி எல்லாரையும்போல இருக்கலாம், மாத்திரை மட்டும் ஒருநாளும் தவறக் கூடாது என்றார். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லி முடியாது. இதை நீங்கள் நம்ப வேண்டும். அந்த வாரமே அவள் வேறு ஊரில் ஒரு வேலைக்கு எழுதிப் போட்டாள். கிடைத்துவிட்டது. அறைகூடப் பார்த்துவிட்டாள். பிறந்தநாள் முடிந்ததும் கிளம்புவதாக ஏற்பாடு.

"ராத்திரியில வந்தா யார் பார்ப்பா?" என்று கேட்டேன்.

"வராதுக்கா. வந்தா போன் பண்றேன்."

"வலிப்பு வந்தவ போன் பண்ணுவாளாம்."

"அப்போ வலிப்பையே பேசச் சொல்றேன். 'அக்கா, நான்தான் வந்திருக்கேன், சாப்பிட்டியா'ன்னு கேக்கும்."

அவள் அப்படித்தான் பேசுவாள். நானும் சிரித்துவிட்டேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "என்னைப் பத்திப் பயந்து பயந்து நீ உன்னோட வாழ்க்கையையே அடிச்சுத் திருத்திட்டே. போதும்க்கா. இனிமே உனக்குன்னு ஏதாவது பண்ணு" என்றாள். எனக்கென்று என்ன செய்வது என்று அவள் சொல்லவில்லை.

தம்பியிடம் பேசிப் பார்த்தேன். அவன் என்னைத் திட்டவில்லை, கிண்டல்தான் செய்தான். "நீ இன்னும் அவளுக்கு மூக்கு சிந்திவிடுவே போல இருக்கே. எனக்கு ஒண்ணு சொல்லு. அவளுக்கு வலிப்பு வந்து நான் ஒரு தடவையாவது பார்த்திருக்கேனா? நீ சொல்லித்தானே எங்களுக்கெல்லாம் தெரியும்?" அவன் மனைவி பக்கத்திலிருந்து, "அண்ணி கொஞ்சம் பெருசா சொல்றாங்களோன்னு எனக்குக்கூட சில சமயம் தோணும்" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வெளியூரில் படித்து, வெளியூரிலேயே வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன் அவன். வலிப்பு வந்த நேரங்களில் எல்லாம் வீட்டாரில் நான் மட்டும்தான் இருந்திருக்கிறேன். அது என் தப்பா?

அவள் பிறந்தநாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மேசையில் அவளுடைய மாத்திரை அட்டையும் என்னுடைய சத்து மாத்திரை அட்டையும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இரண்டும் வெள்ளை. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. செய்யலாமா வேண்டாமா என்று நான் உட்கார்ந்து யோசித்ததாக நினைவில்லை. கை பாட்டுக்கு வேலை செய்தது. எல்லாக் குழிகளையும் என் மாத்திரையால் நிரப்பி மூடினேன். அதன் பிறகுதான் யோசித்தேன். யோசித்துப் பார்த்தபோது தவறாகத் தெரியவில்லை. வீட்டில், என் கண் முன்னால், ஒரே ஒரு சின்ன வலிப்பு. நான் பார்த்துக்கொள்வேன். டாக்டர் பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்வார். பிறகு அவளுடைய மாத்திரையையே மறுபடி வைத்துவிடலாம். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

அந்த வாரம் முழுக்க நான் அவளுடைய இடது கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பல் தேய்க்கும்போது, தட்டில் கை வைக்கும்போது, பெட்டி அடுக்கும்போது. விரல் மடங்கவில்லை. வேலை முடிந்து தாமதமாக வந்தாள், கேட்டால் தோழியோடு இருந்தேன் என்றாள், தலைமுடி ஈரமாக இருந்தது. உங்கள் குளத்திலிருந்து வருகிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? வாரக் கடைசியில் எனக்கு வேறொன்று தோன்றியது. ஒருவேளை பிறந்தநாளுக்குப் போகும் ஏரிக்கரையில் வரலாம். நல்ல புல்தரை. தம்பி இருப்பான், அவன் மனைவி இருப்பாள். அது இன்னும் நல்லது என்று பட்டது. என் பையில் ஒரு சின்னத் தலையணையை வைத்துக்கொண்டேன்.

ஏரிக்கரையில் கூட்டமில்லை. தூரத்தில் ஒருவர் நாற்காலி போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் விரிப்பைப் போட்டோம். கேக் உருகவில்லை. தம்பி மகள் பாட்டுப் பாடி எல்லாருக்கும் முன்னால் கிரீமை விரலால் வழித்துத் தின்றாள். பொடிசு மெழுகுவர்த்தியை ஊதிவிட்டு எழுந்து நின்றாள்.

"எல்லாரும் எனக்கு ஏதாவது வாங்கிட்டு வந்தீங்க. நான் அக்காவுக்கு ஒண்ணு கொண்டு வந்திருக்கேன். கண்ணை மூடு."

மூடினேன். திறந்தபோது மேலே போட்டிருந்த உடுப்பைக் கழற்றிவிட்டு நீச்சல் உடையில் நின்றாள்.

"அடிப்பாவி" என்றான் தம்பி.

"ரெண்டு மாசமா கத்துக்கிட்டிருக்கேன். டாக்டர்கிட்ட கேட்டுட்டேன், டீச்சர்கிட்டயும் சொல்லிட்டேன். மாத்திரை ஒழுங்கா போட்டா, பக்கத்துல ஆள் இருந்தா, பயமில்லைன்னுட்டாரு. எங்க அக்கா பிரிச்சு வெக்கற மாத்திரை தப்பவே தப்பாதுன்னேன். அக்கா, நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். கரையில உக்காந்து என்னைப் பாரு. பயப்படாம ஒரே ஒரு தடவை பாரு. அதுதான் உனக்கு நான் குடுக்கறது."

அவளைத் தடுக்க ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. இந்த வாரம் நீ உன் மாத்திரையைப் போடவில்லை, தண்ணீரில் இறங்காதே. வாக்கியங்களைச் சரிபார்ப்பதுதான் என் தொழில். அதை மனதுக்குள் முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். எப்படி வைத்தாலும், ஏன் போடவில்லை என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும். "ஜாக்கிரதை" என்று மட்டும் சொன்னேன். நான் எப்போதும் சொல்வதுதான். அவர்கள் எப்போதும் போலச் சிரித்தார்கள்.

நீங்கள் நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள். இதையும் சொல்லத்தான் வந்தேன். உள்ளே போகாமல், கயிற்றில் கட்டிய மிதவைகளுக்கு இந்தப் பக்கமாகவே, கரையை ஒட்டி நீந்தினாள். தண்ணீர் தெறிக்கவே இல்லை. தலையைத் திருப்பி மூச்சு வாங்கும்போதெல்லாம் என் பக்கம்தான் திரும்பினாள். திரும்பி வருகிற வழியில் நீச்சலை நிறுத்தி, காலை ஊன்றி நின்று, கையைத் தூக்கி "அக்கா" என்று கூப்பிட்டாள். அவள் தூக்கியது இடது கை.

கட்டைவிரல் உள்ளே மடங்கியிருந்தது. கண் என் மேல் இல்லை. எனக்குப் பின்னால் எதையோ படித்துக்கொண்டிருந்தது.

அவளுடைய கைகள் தண்ணீரை அடிக்க ஆரம்பித்தன. தம்பி மனைவி பதிலுக்குக் கையசைத்தாள். தம்பி விசிலடித்தான். "சின்னத்தை டான்ஸ் ஆடறாங்க" என்று குழந்தை கை தட்டியது. எனக்கு மட்டும்தான் அது என்னவென்று தெரியும். நான் எழுந்துகொண்டேன், அது உண்மை. ஆனால் ஓடவில்லை. தம்பியின் முகத்தைப் பார்த்தேன். அவன் முகம் எப்போது மாறப்போகிறது என்று பார்த்தேன். அவர்களே பார்க்கட்டும், நான் பெரிதாகச் சொல்வதில்லை என்று அவர்களாகவே தெரிந்துகொள்ளட்டும், அதுவரை பொறுப்போம் என்று நின்றேன். இத்தனை காலம் பொறுத்தவளுக்கு அது பெரிய நேரமில்லை.

அவள் தலை தண்ணீருக்குள் போனது. "பாரு, மூச்சை அடக்கறா" என்றான் தம்பி, பெருமையாக. நான் திருத்தவில்லை. தண்ணீர் அடங்கி, மீன் பிடித்துக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றபோதுதான் அவன் முகம் மாறியது. போட்டிருந்த துணியோடு ஓடினான். கலங்கிய தண்ணீரில் கையால் துழாவித் துழாவித் தேடினான். அவன் அவளைக் கரையில் போட்டதும் நான் சரியான முறையில் அவளைப் பக்கவாட்டில் திருப்பினேன். தலைக்குக் கீழே தலையணை வைத்தேன். என் கை நடுங்கவே இல்லை என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், சிலருக்கு மாத்திரையை மீறியும் வரும் என்றார். தம்பி என் காலைப் பிடித்துக்கொண்டு, "நீ சொன்னதை நாங்க கேக்கலையேக்கா" என்று அழுதான். அதைக் கேட்கும்போது, கடவுளே, எனக்கு மனதில் ஓரிடத்தில் நிம்மதியாக இருந்தது. நான் மறைத்ததிலேயே பெரியது இதுதான். மாத்திரையைப் பற்றித் தம்பிக்கு இன்று மாலை சொல்லப்போகிறேன். அதற்கு மேல் என்ன செய்ய வேண்டுமோ அதை அவன் செய்துகொள்ளட்டும். நீங்கள் குளத்துக்குத் திரும்பிப் போங்கள்.

அவளுக்கு நான் கெடுதல் நினைத்ததே இல்லை. அவள் என் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன்.

அந்த ஏரிக்கு மதகு உண்டு. வெயிலோ மழையோ, தண்ணீரை ஒரே மட்டத்தில் வைத்திருக்கிறார்கள். போன வாரம் தனியாகப் போய், உடுத்திய துணியோடு, அவள் கையைத் தூக்கி நின்ற இடம்வரை நடந்தேன். எனக்கு நீச்சல் தெரியாது. தேவையும் இல்லை. அங்கே தண்ணீர் என் மார்புவரைதான் வருகிறது.