போர்டில் ஒரு சன்னல்

தலைவர் அவர்களே, வியாபாரிகள் சங்கத்துப் பெரியவர்களே... கடைகளுக்கு மேலே மாடியில குடியிருக்கிறவங்களைக் காலி பண்ணச் சொல்லித் தீர்மானம் போடப் போறீங்க. போடுங்க. அதுக்கு முந்தி என்கிட்ட ஒரு குட்டிக் கதை இருக்கு. டீ வாரதுக்குள்ள முடிச்சிருதேன்.

மணிக்கூண்டு முக்குல தவசிமுத்து அண்ணாச்சி பாத்திரக்கடை. கட்டடம் தெரியும்லா? கீழே கடை, மேலே மூணு வீடு, பூரா பர்மாத் தேக்கு. வெள்ளைக்காரத் துரை ஒருத்தன் குதிரையை நிறுத்தி அண்ணாந்து பாத்ததுல தொப்பி கீழே விழுந்துட்டு. எடுத்துக் கொடுத்தது எங்க தாத்தா. நம்பாதவங்க நம்ப வேண்டாம். கட்டடம் நிக்குது, போய்ப் பாருங்க.

அந்த மாடியில, தெருவைப் பாத்த வீட்டுல, கண்டக்டர் வேதமாணிக்கம். ரிட்டயர் ஆன மறு வருஷம் ரெண்டு காலும் விழுந்துட்டு. கட்டிலைச் சன்னல் ஓரமாப் போட்டுக்கிட்டாரு. காலுதான் போச்சு... குரல் போச்சா? பஸ்ஸுல கத்தின குரல்லா.

"ஏ சுடலை, மக பரீட்சை எப்படி எழுதினா?"

"யாரு, பாத்திமாவா? மாமியார் ஆசுபத்திரியில இருந்து வந்தாச்சா?"

தெருவே நின்னு பதில் சொல்லும்.

அண்ணாச்சிக்கு ஒரு ஆசை வந்துச்சு. பெரிய போர்டு. நாற்பது அடி... சரி, முப்பது. மேடையில நாற்பதுன்னாத்தான் எடுபடும். நடுவுல அண்ணாச்சி கைகூப்பி நிக்காரு. மாடிச் சன்னல் மொத்தமும் போர்டுக்குப் பின்னால போயிட்டு.

கண்டக்டர் சம்சாரம் எஸ்தர் இறங்கி வந்துச்சு. "அண்ணாச்சி, அவரு சன்னல் அடைபட்டுட்டே."

"காத்து வரலியாம்மா? புது பேன் ஒண்ணு மாட்டித் தாரேன்."

"பேன்ல காத்து வரும் அண்ணாச்சி... மனுசன் வருவானா?"

அண்ணாச்சி கல்லாப் பக்கம் திரும்பிட்டாரு. மாடியில பட்டப்பகல்ல லைட்டு எரியுது. கண்டக்டர் பேச்சைக் குறைச்சாரு, சோத்தைக் குறைச்சாரு... கடைசியில சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டாரு.

கீழே என்ன ஆச்சு? போர்டு அடுத்த ஊருக்கே தெரியுது, கடையில ஈ ஆடுது. அண்ணாச்சி பூசணிக்காய் உடைச்சாரு, வாஸ்துக்காரரைக் கூப்பிட்டாரு. ஒண்ணும் நடக்கல. தெருவுல போன சுடலையை மறிச்சாரு. "என்ன வே, நம்ம கடைக்கு வாரதே இல்ல?"

சுடலை என்ன சொன்னான் தெரியுமா?

"நான் எப்ப அண்ணாச்சி உங்க கடைக்கு வந்தேன்? கண்டக்டர் கூப்பிடுவாரு, நிப்பேன். நின்ன இடத்துல உங்க கடை இருந்துச்சு."

அண்ணாச்சி மாடிப்படி ஏறினாரு. சொந்தக் கட்டடம்தான்... ஏறி எத்தனையோ வருஷம். போகும்போது மனசுல இருந்தது வியாபாரக் கணக்கு, நான் மறைக்கல. ஆனா சுவரைப் பாத்துக் கிடந்த அந்த முதுகைப் பாத்தாரு பாருங்க... கணக்கு மறந்துட்டு.

"வே வேதமாணிக்கம்... நான்தான்."

முதுகு அசையல.

இறங்கி வந்து போர்டுக்காரனைக் கூப்பிட்டாரு. அவன் அளந்து பாத்துட்டுச் சொல்லுதான், "சன்னலைத் திறக்கணும்னா உங்க மூஞ்சியைத்தான் அண்ணாச்சி வெட்டணும்."

அண்ணாச்சி ரொம்ப நேரம் அண்ணாந்து பாத்தாரு. "வெட்டுலே."

இப்பவும் போய்ப் பாருங்க. கூப்பின கை அண்ணாச்சியோடது, தங்கச் செயின் அண்ணாச்சியோடது... தலை மட்டும் கண்டக்டரோடது. திறந்த அன்னைக்குக் கீழே ஒரே கூட்டம், கடைப்படி பூரா ஆளு. கண்டக்டர் தெருவை இந்த மூலையில இருந்து அந்த மூலை வரைக்கும் ஒரு தடவை பாத்தாரு. கண்ணைத் துடைச்சாரு. தொண்டையைக் கனைச்சாரு.

"படியில நிக்காத... உள்ள ஏறிப் போ. உள்ள நிறைய இடம் கிடக்கு."

கல்லா நிறைஞ்சுதான்னு கேப்பீங்க. நிறைஞ்சுது. அதுக்காக நான் இந்தக் கதையைச் சொல்லல. உங்களை ஒண்ணு கேக்கேன்... உங்க கடை மாடியில இருக்கிறது யாரு? வாடகை எவ்வளவுன்னு சொல்லாதீங்க, பேரைச் சொல்லுங்க...

பாத்தீங்களா, ஒரு சத்தம் இல்ல.

தீர்மானத்துக்குக் கை தூக்குங்க, வேண்டாங்கல. ஆனா முதல்ல உங்க மாடிப்படியை ஒரு தடவை ஏறி இறங்கிட்டு வந்து தூக்குங்க. ஏறிட்டு வந்தவன் கை தூக்க மாட்டான்... தவசிமுத்து அண்ணாச்சி வெட்டிக் கொடுத்த மூஞ்சி மேல சத்தியம்.