ஆதிமூலம் வீட்டு அணையாத பல்பு

— பொய் சொல்லாத சந்திரகலா. ரீடிங் எடுக்கறவன் உங்க வூட்டு அட்டையில எழுதும்போது நான் பின்னால நின்னு பார்த்தேன். ரெண்டு மாசத்துக்கு நூத்தி முப்பது யூனிட்டு! டிவிகூட இல்லாத வூட்ல கரண்டை இன்னா கரைச்சுக் குடிக்கிறீங்களா?

— அடுத்த வூட்டு அட்டையை எல்லாம் எதுக்குப் பாக்கறீங்க பாஞ்சாலக்கா?

— கண்ணு இருக்குது, பாக்கறேன். உன் வூட்டுக்காரர் ஆதிமூலம் இன்னா பேச்சு பேசினு திரியறார்! பேட்டரி மோட்டாரை ஓட்டுதாம், மோட்டார் சக்கரத்தைச் சுத்துதாம், சக்கரம் டைனமோவைச் சுத்துதாம், டைனமோ மறுபடியும் பேட்டரியை ரொப்புதாம். போதாததுக்கு ஒரு பல்பு வேற. எட்டு மாசமா கரண்டே இல்லாம ஓடுதுனு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லியாச்சு. பாலிடெக்னிக் படிக்கிற எங்க மணி விழுந்து விழுந்து சிரிக்கிறான்.

— மணி இன்னா சொல்றான்?

— சக்தியை யாரும் புதுசா உண்டாக்க முடியாதாம். ஒரு எடத்துல எடுத்ததுதான் இன்னொரு எடத்துல வருமாம். அதுலயும் சூடு, சத்தம்னு போற வழியெல்லாம் கொட்டினே போவுமாம். “ரெண்டு நாள் தாங்காதும்மா, எங்கேர்ந்தோ ஊத்தறாங்க”ன்னான். எங்கேர்ந்துடி ஊத்தறீங்க?

— அரிசி டிரம்முக்குள்ள சார்ஜர் இருக்குதுக்கா.

— அடிப்பாவி! நீயா?

— அவர் தினம் விடிகாலையில மலை சுத்தப் போறாரில்ல. திரும்பி வர நாலு மணி நேரம். அதுக்குள்ள பிளக்குல மாட்டி எடுத்துடுவேன். அவருக்குத் தெரியாது. அண்ணாமலையார் குடுத்ததுனு கும்புட்டுனு இருக்கார்.

— குடுத்தது கரண்ட் ஆபீஸ்! ஏண்டி இப்படிப் பண்ண?

— மோட்டாருக்குக் காயில் கட்டற கடையை மூடிட்டு, ரெண்டு வருஷமா இந்த மெஷினையே செஞ்சினு இருந்தாரு. ஓட்டின மறுநாளே நின்னு போச்சு. மூணு நாள் சோறு தொடல. பூச்சி மருந்து பாட்டிலைக் கையில வச்சினு உக்காந்திருந்தாரு. ஒரு நாள் எரியட்டும், சாப்பிட்டப்புறம் சொல்லிக்கலாம்னு மாட்டினேன்.

— சாப்பிட்டாரா?

— அழுதுனே மூணு தட்டு சாப்பிட்டாரு. அப்புறம் எப்படிக்கா சொல்றது?

— சரி, இன்னிக்கி இன்னாத்துக்கு மூஞ்சி வெளுத்துக் கிடக்குது?

— கீழ்பென்னாத்தூர் நிலத்தை விக்கறாரு. கிணத்தோட ஒரு ஏக்கரா. எங்களுக்கு இருக்கறதே அதுதான். அந்தப் பணத்துல இதே மாதிரி இருபது மெஷின் செய்யப் போறாராம். நாளைக்குக் கையெழுத்து. மத்தியானம் சாப்பிட வந்ததும் எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்.

— சொல்லித் தொலை. கத்துவார், கத்தட்டும். நிலமாச்சும் மிஞ்சும். நான் வேணா பக்கத்துல நிக்கறேன்.

— எனக்குத் துணையா நிக்கறீங்களா, கேக்கறதுக்கு நிக்கறீங்களா?

— ரெண்டுக்குந்தான்.

— கலா! ஏ கலா! அட, பாஞ்சாலக்காவும் இருக்காங்க. இந்தாங்க, லட்டு எடுத்துக்குங்க.

— இன்னா ஆதிமூலம் தம்பி, லட்டெல்லாம் பலமா இருக்குது?

— நிலத்தை வாங்கறவர் நாளைக்கு வெளியூர் போறாராம். அதனால இன்னிக்கே முடிச்சாச்சு. கையெழுத்து போட்டுட்டேன்!

— ஐயோ...

— ஏன் கலா ஐயோங்கற? இன்னும் கேளு. மெஷினைப் பாக்க வர்றவங்க, வூட்ல லைன் இருந்தா சந்தேகப்படுவாங்கில்ல? நேரா கரண்ட் ஆபீஸ் போனேன். என் வூட்டு லைனை வெட்டிடுங்கனு எழுதிக் குடுத்துட்டேன். ஏணியோட ஆளு பின்னாலயே வர்றான்.

— சந்திரகலா, இப்பவாச்சும் வாயைத் திறடி.

— இன்னா சொல்லணும்? ஏன் கலா அழுவற?

— சந்தோசங்க. கை கால் கழுவினு வாங்க, சோறு போடறேன்.

— த்தோ, ஒரு நிமிசம். அக்கா, அதுவரைக்கும் பல்பைப் பாத்துனே இருங்க!

— போய்ட்டாரு. ஏண்டி, சொல்றேன்னியே, இப்ப இன்னாடி பண்ணப் போற?

— அக்கா, உங்க சமையக்கட்டு பிளக்கு நம்ம நடுச்சுவத்துப் பக்கந்தான இருக்குது?