தம்பியை உயிரோட எண்டு போடு

வெள்ளாங்குளத்திலிருந்து மன்னாருக்குப் போகும் பஸ்ஸில் நான் எப்போதும் வெயில் படாத பக்கம்தான் இருப்பேன். சண்டை முடிந்து ஊரில் மீளக் குடியேறிய நாளிலிருந்து அப்படித்தான். அன்றைக்கு முன் சீற்றில் அக்காவும் தங்கையுமாக இரண்டு பெண்கள். குடும்ப வரலாறு பதிகிற இணையப் பக்கம் ஒன்றில், போனிலேயே ஒவ்வொரு பெயராக ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“தம்பியை உயிரோட எண்டு போடு,” என்றார் அக்கா.

“போடலாம். ஆனா உயிரோட இருக்கிற ஆக்களின்ர பேரை இது வெளியாக்களுக்குக் காட்டாதாம் அக்கா. செத்த ஆக்களின்ர பேர்தான் தேடினா வரும்.”

“அதுக்கு? சண்டைக்குள்ள தொலைஞ்சவனை நீ சாக்காட்டப் போறியோ?”

“என்னை ஏன் ஏசுறீங்கள்? போனை ஏசுங்கோ.”

அக்கா எட்டி, போனில் ஏற்றிய பெயர்களை மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“அம்மா செத்தது உண்மைதானே,” என்றார் அக்கா. “அப்ப அம்மாவின்ர பேர் தேடினா வருமோ?”

“ஓம். பாக்கிற ஆக்கள் எங்களுக்கு எழுதவும் ஏலும்.”

“அப்ப தம்பி உயிரோடயே இருக்கட்டும். அம்மாவின்ர பேரை வடிவாப் போடு, ஊரையும் போடு. அவன் எங்கை இருந்தாலும் முதல் அம்மாவைத்தான் தேடுவான்.”