லோலாசோர் சந்தும் இல்லாத மல்பெரி மரமும்

என் பேச்சு நீண்டுவிடுமோ என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் எங்கள் குடியிருப்புப் பகுதியான மகல்லாவின் தலைவர் எர்காஷ் அண்ணன் அவர்களே! தொப்பி கழற்றாமல் முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! ரொட்டி அடுப்பை அணைத்துவிட்டு மாவுக் கையோடு ஓடிவந்த தாய்மார்களே! லோலாசோர் சந்தின் சொந்தங்களே! சலாம்!

நகரம் என்பது எது? சுண்ணாம்பா, செங்கல்லா, சாலையா? தாஷ்கந்தில் இவற்றுக்கா பஞ்சம்? பிறகு ஏன் ஒரு சந்து மட்டும் நம் சந்தாகிறது?

பத்து ஆண்டுகளுக்கு முன் நூகுஸிலிருந்து இங்கே குடிவந்தேன். வந்த வேகத்தில் இந்தச் சந்தை வைத்து ஒரு நாவல் எழுதினேன். சந்து முனையில் நூறு வயது மல்பெரி மரம் நிற்பதாக எழுதினேன். உண்மையில் அங்கே நின்றது ஒரு மின்கம்பம்! சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். சந்து முனை வீட்டுத் துர்சுனாய் அக்கா அன்று சிரிக்கவில்லை. நாவலைப் படித்துவிட்டு ஃபெர்கானாவிலிருந்து மரம் பார்க்க வந்த நால்வருக்குத் தேநீர் ஊற்றி உட்காரவைத்துவிட்டு, நேரே வந்து என் கதவைத் தட்டினார்.

“ஏம்மா எழுத்தாளரம்மா, இல்லாத மரத்த எழுதி வச்சிருக்கியே! தேடி வந்த விருந்தாளிகிட்ட இல்லன்னு எந்த வாயால சொல்றது?”

“வெறும் கதைதானேக்கா...”

“உனக்குக் கதை. எங்களுக்கு மானம் போகுதுடி!”

விருந்தாளியிடம் இல்லையென்று சொல்லத் தெரியாத இந்தச் சந்து என்ன செய்தது? எல்லோரும் கூலியின்றிக் கூடி உழைக்கும் ஹஷார் நாளில், வளர்ந்த மல்பெரி ஒன்றை லாரியில் கொண்டுவந்து நட்டது! ஊற்றினோம், உரமிட்டோம், உயிர் பிடிக்குமா என்று ஓராண்டு உருகினோம்.

ஏழாண்டு கழிந்தது. சாலையை அகலமாக்க நாற்பத்திரண்டு வீடுகளுக்கும் இடிப்பு அறிவிப்பு வந்தது. சென்ற செவ்வாய்க்கிழமை விசாரணை. அதிகாரி என் நாவலை உயர்த்திப் பிடித்தார்.

“நூறு வருசத்து மரம்னு இதுல இருக்கு. அப்படின்னா சட்டப்படி நாங்க தொடமாட்டோம். ஆமாவா, இல்லையா?”

ஒரே ஒரு ‘ஆமா’! சொன்னால் நாற்பத்திரண்டு வீடும் பிழைக்கும். என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், சொல்லத்தான் இருந்தேன். அதற்குள் துர்சுனாய் அக்கா எழுந்துவிட்டார்.

“இல்லைய்யா. நாங்க நட்டு ஏழு வருசம். இவ எழுதினது பொய்தான். ஆனா அதப் படிச்சு வந்தவங்க எங்க வீட்டுல சாப்பிட்டது பொய்யில்லையே!”

அப்போது, விசாரணைக் குறிப்பெழுதிக்கொண்டிருந்த பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கை தூக்கினார்.

“சார், நானும் போயிருக்கேன். பேரு கூடக் கேக்காம பிலாவுச் சோறு போட்டாங்க.”

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். ‘நானும்!’ அடுத்து இருவர். ‘நாங்களும்!’ இடிப்புச் செய்தி கேட்டுக் கீவாவிலிருந்து வந்தவர், தெர்மெஸிலிருந்து வந்தவர், யார் யாரோ எழுந்தார்கள். இந்தச் சந்தில் பிறக்காதவர்கள், இது தங்கள் சந்து என்று எழுந்தார்கள்! எழுத்து இதைச் செய்யும் தோழர்களே! பார்க்காத தெருவுக்கும் சொந்தக்காரர்களை உண்டாக்கும்!

இன்று காலை ஆணை வந்தது. சாலை பழைய கிடங்கு வழியாகத் திரும்புகிறது. நாற்பத்திரண்டு வீடும் நிற்கிறது!

கை தட்டியது போதும். கண்ணீரோடு மூட்டை கட்டி வைத்திருக்கிறீர்களே தாய்மார்களே, போய் அவிழ்த்துப் போடுங்கள்! கிண்ணங்களைப் பழைய அலமாரியில் அடுக்குங்கள்! கேட்டுக்கொண்டிருந்த அனைவருக்கும் நன்றி. வீட்டுக்குப் போய் வாருங்கள். நம் வீட்டுக்கு!