தீபம் குளிர்ந்த பிறகும் விழும் கரி

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் சக்கரபாணி ஐயா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, கணவரை இழந்த துயரத்தோடு வந்திருக்கும் பீபி ஜான் அம்மா அவர்களே, மொய்னுதீன் பாய் கையால் மருந்து வாங்கிக் குடித்த திருவண்ணாமலைப் பெருமக்களே!

நான் நர்ஸ் தனம். கம்பவுண்டர் மொய்னுதீன் பாயோடு ஒரே கிளினிக்கில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவள். அவரைப் புகழ்வதற்கு மட்டும் நான் வரவில்லை. ஒரு தப்பை ஒப்புக்கொள்ளவும் வந்திருக்கிறேன்.

எண்பத்து நான்கில் வேங்கிக்கால் சாலையில் குப்பை எரிக்கும் சூளை வந்தது. அந்தக் கார்த்திகையில் நம் மாடிகளில் கரி விழுந்தது. நாம் என்ன செய்தோம்? மலையிலிருந்து தீப மை வீடு தேடி வந்துவிட்டதென்று கன்னத்தில் போட்டுக்கொண்டோம்! பிள்ளைகளின் நெற்றியில் வைத்தோம். என் மகள் நெற்றியில் நானே வைத்தேன்.

பதினோரு நாளில் தீபம் குளிர்ந்தது. தை பிறந்தும் கரி நிற்கவில்லை, இருமலும் நிற்கவில்லை. "தனம்மா, மலை மேல தீபமே இல்ல. இது எங்கேர்ந்து விழுது?" என்று கேட்டவர் பாய் ஒருவர்தான். "நான் சொன்னா வேற மாதிரி எடுத்துப்பாங்க. நீங்க சொல்லுங்கம்மா" என்றார். சொன்னேனா? இல்லை. பயந்தேன்.

அவர் விடவில்லை. பன்னிரண்டு தட்டுகளில் விளக்கெண்ணெய் தடவி, பன்னிரண்டு தெரு மாடிகளில் வைத்தார். காற்று எந்தப் பக்கம் அடித்ததென்று தினமும் நோட்டில் எழுதினார். சூளைப் பக்கமிருந்து காற்று வந்த நாட்களில்தான் தட்டுகள் கறுத்தன. ஒருநாள் சின்னக்கடைத் தெருத் தட்டில் பாதி கருகிய காகிதம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மிக்ஸ்சர் மருந்து பாட்டிலில் வேளைக் கணக்குக்காக வெட்டி ஒட்டுவோமே, அந்தச் சீட்டு. அதில் பாயின் கையெழுத்து! எங்கள் கிளினிக் குப்பை சூளைக்குப் போய், ஊருக்குள்ளேயே திரும்பி வந்திருந்தது!

அதை எடுத்துக்கொண்டு சூளைக்குப் போனோம். "தீபப் புகையக் குறை சொல்ல வந்துட்டீங்களா பாய்?" என்றார் மேலாளர். பாய் தலை குனிந்தார். பதில் சொல்ல வேண்டியவள் நான். பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வாய் திறக்கவில்லை.

அதன் பிறகும் ஓராண்டு அந்தப் புகையில் நின்று எழுதினார். போன வெள்ளிக்கிழமை மூச்சுத் திணறிப் போய்விட்டார். புகைதான் கொன்றதென்று நான் சொல்லமாட்டேன். சான்றில்லாமல் பேசினால் பாய்க்குக் கோபம் வரும். ஆனால் நேற்று மட்டும் இருமலோடு கிளினிக்குக்கு நாற்பத்தொரு பேர் வந்தார்கள். என் மகளும் ஒருத்தி.

மொய்னுதீன் பாய் அவர்களே! நாளைக் காலை உங்கள் தட்டுகளில் எண்ணெய் தடவப்போவது நான். நோட்டில் எழுதப்போவது நான். சூளை வாசலில் வாய் திறக்கப்போவதும் நானேதான்!

பெருமக்களே, இந்த மேசையில் காலையில் விரித்த வெள்ளைத் துணி இப்போது எந்த நிறத்தில் இருக்கிறது? இது மாசி மாதம். மலையில் தீபம் இல்லை. போகும்போது விரலால் தொட்டுப் பாருங்கள். நெற்றியில் மட்டும் வைத்துவிடாதீர்கள்!