கறார் அக்கா எடுக்கவிடாத வரி

மேடையில் வீற்றிருக்கும் நிர்வாக இயக்குநர் அவர்களே, விற்பனைப் பிரிவு மேலாளர் அவர்களே, வேலையை அப்படியே போட்டுவிட்டு இந்தக் கூட்ட அறையில் நெருக்கியடித்து நிற்கும் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் கணவரே, மகளே! எல்லோருக்கும் வணக்கம். துறைத் தலைவர் என்ற முறையில் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். அந்தப் பதவியைத் தவிர இங்கே நின்று பேச எனக்கு வேறு எந்தத் தகுதியும் கிடையாது. ஏன் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நம் முதுநிலை ஆவண எழுத்தாளர், நாம் எல்லோரும் கறார் அக்கா என்று அழைத்தவர், முந்தாநாள் நம்மை விட்டுப் போய்விட்டார். அவருடைய வேலை என்ன என்பதை உறவினர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எந்த நிறுவனத்தின் வரவுசெலவைக் கேட்டாலும், பங்கு விலையைக் கேட்டாலும் எடுத்துத் தரும் கருவி ஒன்று நம்மிடம் இருக்கிறது. முன்பு அதை மனிதர்கள் இயக்கினார்கள். இப்போது மனிதர்களுக்காக ஏஐ முகவர்கள் என்னும் மென்பொருள்கள் இயக்குகின்றன. கருவியிடம் எதை எப்படிக் கேட்பது, வந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று அந்த முகவர்கள் படித்துத் தெரிந்துகொள்ளும் கையேட்டை எழுதியவர் அக்கா.

கருவியைச் செய்தவரை ஊருக்கே தெரியும். விற்றவருக்கு மாலை மரியாதை. கையேடு எழுதியவரை யாருக்குத் தெரியும்? நம் நிரலாளர் தம்பி, இதோ கதவருகே நிற்கிறாரே அவர்தான், ஒருநாள் கேலியாகக் கேட்டார்: "ஏன்க்கா, மிஷின் படிக்கிறதுக்குப் போய் இவ்வளவு பக்குவமா எழுதணுமா?" அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மனுஷன்னா புரியலேன்னா முழிப்பான், நமக்குத் தெரிஞ்சிடும். இது முழிக்காதுப்பா. தப்பையும் தைரியமா சொல்லும்."

எப்பேர்ப்பட்ட மனுஷி! முகவர் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டால் நாம் முகவரைத் திட்டுவோம். அவர் தன் வாக்கியத்தைத் திட்டுவார். திட்டிக்கொண்டே அடித்து எழுதுவார். ஒரு நிறுவனம் தன் கணக்கை ஆயிரத்தில் போடும், இன்னொன்று கோடியில் போடும். எது எந்த அளவில் என்று பக்கத்திலேயே சொல்லாமல் ஓர் எண்ணும் வெளியே போகக்கூடாது என்று கருவியின் புதிய பதிப்பு வெளியாவதையே நிறுத்திவிட்டார். "சின்ன விஷயம்தானேக்கா" என்று கெஞ்சினேன். "அப்படியா சார்? அடுத்த மாசம் உங்க சம்பளத்துல கடைசி மூணு சைபரை எடுத்துடச் சொல்லட்டுமா? சின்ன விஷயம்தானே!" அந்த வாயை இனி எங்கே போய்க் கேட்பது?

சிரிக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் கையேட்டில் அக்கா உயிராக நினைத்த வரி ஒன்று உண்டு. 'கேட்ட காலாண்டின் கணக்கு கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்றே சொல்; பழைய கணக்கை வைத்து ஊகித்து நிரப்பாதே.' அவ்வளவுதான். பெரிய வாடிக்கையாளர் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. மற்றவர்களுடைய கருவி எதைக் கேட்டாலும் பதில் சொல்கிறது, உங்களுடையது மட்டும் கையை விரிக்கிறது என்றார். வரியை எடுத்துவிடலாமா என்று அக்காவிடம் கேட்டேன். அப்போது அவர் மருத்துவமனையில் இருந்தார். போனிலேயே பொரிந்து தள்ளினார். "அப்படி ஊகிச்ச எண்ணை நம்பி யாரோ ஒருத்தங்க ஆயுசுக்கும் சேத்து வெச்சதைப் பங்குல போடுவாங்க சார். நான் உசுரோட இருக்கிறவரைக்கும் அதை எடுக்க விடமாட்டேன்."

சொன்ன சொல் தவறாதவர் அக்கா. உயிரோடு இருந்தவரை அந்த வரி இருந்தது. நேற்று எடுத்துவிட்டோம்.

ஆம் தோழர்களே, நேற்றுத்தான்! நீங்கள் எல்லோரும் அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தபோது நான் இங்கே உட்கார்ந்து ஒப்புதல் கொடுத்தேன். விற்பனை மேலாளர்மீது பழி போட மாட்டேன். கேட்டது அவர், கொடுத்தது நான். அக்கா இல்லாத வீட்டில் களவாண்டது போல இருக்கிறது. இதைவிடக் கேவலம் வேறென்ன இருக்கிறது?

இருக்கிறது. இன்று காலை நம் அலுவலக வாசலில் அக்காவின் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், அவ எழுதினதெல்லாம் இன்னும் அப்படியேதானே இருக்கு? அம்மா எழுதினதைப் படிச்சுத்தான் இப்பவும் அதெல்லாம் வேலை செய்யுதுன்னு பொண்ணுகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்" என்றார். நான் கொஞ்சமும் தயங்கவில்லை. "ஒரு எழுத்துகூட மாறலைங்க" என்றேன். அவருக்கு ஆறுதலாக இருக்குமே என்று சொன்னதாக என்னையே நான் ஏமாற்றிக்கொண்டேன். உண்மையில் என் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னேன். எந்திரம் பொய் சொல்லிவிடக்கூடாதே என்று ஒருத்தி வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டினாள். அவள் புருஷனிடம் நான் கூசாமல் பொய் சொன்னேன். வெட்கத்தில் கூனிக்குறுகி நிற்கிறேன்.

பாப்பா, அப்பாவைப் பார்க்காதே, என்னைப் பார். உன் அம்மா காத்த அந்த வரி இந்த நிமிடம் அங்கே கிடையாது. எடுத்தவன் நான். உன் அப்பாவுக்கு இதில் ஒன்றும் தெரியாது.

மேடையில் இருக்கும் பெரியவர்களே, உங்களிடம் அனுமதி கேட்கவில்லை, தெரிவிக்கிறேன். அந்த வாடிக்கையாளர் போவதானால் போகட்டும். அதற்காக என் வேலை போவதானால் அதுவும் போகட்டும். நான் இருக்கும்வரை அக்கா எழுதியதில் இனி யாரும் கைவைக்க முடியாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எல்லோரும் அவர் படத்துக்கு முன்னால் பூ வைத்துவிட்டீர்கள். எனக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். மாடிக்குப் போய் முதலில் அந்த வரியை வைத்துவிட்டு வருகிறேன்.